தேதி மறக்கும், வாசனை மறக்காது

"இருபது வருடம் வழக்கு நடத்தி நீதிபதியானவருக்கு மூளையைப் பற்றி எதற்குப் பாடம்? ஆள்கடத்தலில் சிக்கி மீண்டவர் கூண்டில் நின்று உண்மை பேசுகிறாரா, கதை விடுகிறாரா என்று அவருக்குத் தெரியாதா?" அச்சம் நினைவை என்ன செய்கிறது என்று, ஆள்கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்குப் பயிற்சி தருவதைப் பற்றி வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். தெரியாது. அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே சரியாகத் தெரியாது. சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, உண்மை எது, பொய் எது என்று கேட்டும் பார்த்தும் பிரிப்பதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் தேறுகிறார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய்யர் என்ற நம்பிக்கையைக் கைரேகை ஜோசியத்துக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டதால் அது அறிவியலாகிவிடாது.

சட்டப் பக்கம் தெரிந்த கதைதான். 2000-இல் ஐ.நா. ஏற்ற பலேர்மோ நெறிமுறை ஆள்கடத்தலுக்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: செயல், வழிமுறை, நோக்கம். மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற வழிமுறைகளில் ஒன்று இருந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் 'சம்மதித்தார்' என்ற வாதம் செல்லாது. 18 வயதுக்குக் கீழே என்றால் வழிமுறையை நிரூபிக்கவே தேவையில்லை. வழக்குகள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கே அல்ல. "எந்தத் தேதி? எத்தனை மணி? முதலில் எந்த வீடு?" என்று கேள்வி ஆரம்பிக்கும் இடத்தில்தான்.

அந்தத் தேதி ஏன் தொலைகிறது என்பதுதான் இதில் ரசமான பகுதி.

ஒரு சம்பவம் மூளையில் வீடியோவாகப் பதிவதில்லை. முகம் ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில், வாசனை இன்னோரிடத்தில் என்று துண்டு துண்டாகப் பதிகிறது. இந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, "இது இங்கே, இதற்குப் பிறகு நடந்தது" என்று சீட்டு ஒட்டுவது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அங்கே 'நேரச் செல்கள்' என்றே ஒரு வகை உண்டு. எலி ஓரிடத்தில் சும்மா காத்திருக்கும்போதுகூட ஒரு செல் முதல் நொடியில், அடுத்தது சற்றுப் பிந்தி, இன்னொன்று அதற்கும் பிந்தி என்று வரிசையாகத் துடிக்கும். வரிசை என்ற உணர்வுக்கு அடித்தளங்களில் இதுவும் ஒன்று.

அச்சம் வந்ததும் மூளையின் அபாய மணியான அமிக்டலா அடிக்கிறது. நொடிகளில் உடலை உஷாராக்கும் நார்அட்ரினலின் பாய்கிறது. இருபது, முப்பது நிமிடத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உச்சத்துக்கு வருகிறது. ஹிப்போகேம்பஸில் கார்டிசால் வந்து பொருந்த இரண்டு வகைப் பூட்டுகள் (ஏற்பிகள்) இருக்கின்றன. ஒன்று, கொஞ்சம் கார்டிசால் வந்தாலே நிரம்பிவிடும். மற்றது நிறைய வந்தால்தான் நிரம்பும். முதல் வகை நிரம்பி, இரண்டாவது பாதி நிரம்பியிருக்கும்போது நினைவு பிரமாதமாகப் பதியும். பரீட்சைக்கு முந்தின நாள் பதற்றத்தில் படித்தது நிற்பது இதனால்தான். இரண்டாவதும் முழுக்க நிரம்பி வழிந்தால் நரம்பிணைப்புகள் வலுப்படும் வேலையே மந்தமாகிவிடும். அமிக்டலாவோ அதே நேரத்தில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். துண்டுகள் ஆழமாகப் பதிகின்றன, கட்டு மட்டும் தளர்ந்துபோகிறது. கடத்தியவன் போட்டிருந்த செண்ட் வாசனை பத்து வருடம் கழித்தும் குமட்டலை வரவழைக்கும். அது செவ்வாயா வெள்ளியா, இரண்டாவது வீடா மூன்றாவது வீடா என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆள்கடத்தலில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல். நடந்தது ஒரு தடவை அல்ல. மாதக்கணக்கில், ஒரே மாதிரி, தினமும். திரும்பத் திரும்ப நடப்பதை மூளை ஒரு பொது அச்சாகச் சுருக்கிக்கொள்கிறது. தினமும் பல் துலக்குகிறோம். போன மாதம் 9-ஆம் தேதி எந்தக் கையில் பிரஷ் பிடித்தோம் என்பது நினைவில் இல்லை, 'வழக்கமாக வலது கை' என்பது மட்டும் இருக்கிறது. கொடுமையும் அப்படித்தான் சுருங்கும். அன்றைக்குக் கதவைப் பூட்டியது யார் என்றால், வேறொரு நாள் பூட்டியவரின் பெயர் வாயில் வந்துவிடும். பூட்டியது பொய்யாகாது, ஆள்தான் மாறிப்போகிறார். ஜன்னல் இல்லாத அறை, தூக்கமின்மை, பட்டினி, வலுக்கட்டாயமாகக் கொடுத்த போதை, தலையில் விழுந்த அடி என ஒவ்வொன்றும் நேரச் சீட்டை இன்னும் கொஞ்சம் கிழிக்கிறது.

சரி, கூண்டில் ஏறியபின்? பதிவான நினைவை வெளியே எடுப்பதிலும் கார்டிசால் குறுக்கே நிற்கிறது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், முந்தின நாள் சொற்பட்டியலை மனனம் செய்தவர்களுக்குத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். நினைவுகூர்ந்த சொற்கள் குறைந்துபோயின. பத்தடி தூரத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை உட்காரவைத்துக்கொண்டு சாட்சியிடம் விவரம் கேட்பது, அந்த மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பதைப் போலத்தான்.

இதெல்லாம் பலவீனமானவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சார்ல்ஸ் மோர்கன் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள், உயிர்பிழைப்புப் பயிற்சியில் இருந்த 500-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர். கடுமையான மிரட்டல் விசாரணையில் அரை மணி நேரத்துக்கு மேல் தங்களை நேருக்கு நேர் உலுக்கியவரை, மறுநாள் நேரடி அணிவகுப்பில் சரியாக அடையாளம் காட்டியவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். மென்மையாக விசாரித்தவர் விஷயத்தில் அது 60-ஐத் தாண்டியது. அதேபோல 2002-இல் ஜேன் ஹெர்லிஹியும் சகாக்களும், பிரிட்டனில் தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றுவிட்ட, அதாவது பொய் சொல்லி எதையும் அடைய வேண்டியிராத, கொசோவோ, போஸ்னியா அகதிகளை இரண்டு முறை பேட்டி கண்டார்கள். இரண்டு வாக்குமூலங்களுக்கும் இடையே முரண்பாடுகள் சகஜமாக இருந்தன. மையச் செய்தியைவிட ஓரத்து விவரங்களில்தான் அதிகம். மனக்காயத்தின் அறிகுறி கடுமையாக இருந்தவர்களிடம், இரு பேட்டிகளுக்கு நடுவே காலம் நீள நீள முரண்பாடும் கூடியது. கீழ்நீதிமன்றம் முதல் மேல்முறையீடு வரை நாலு வருடம் இழுக்கும் வழக்கை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பயிற்சியின் முதல் வேலை, நீதிபதியின் கையில் இருக்கும் தராசைச் சரிபார்ப்பது. நினைவு எதை மோசமாகச் சேமிக்கிறதோ அதையே உண்மையின் எடைக்கல்லாக வைத்திருக்கிறோம் என்று காட்டுவது. நல்ல பயிற்சியில் சொற்பொழிவு குறைவு. பங்கேற்பவர் தன் நீதிமன்றத்துச் சாட்சியப் பதிவு ஒன்றை எடுத்துவந்து, சிவப்புப் பேனாவால் கேள்விகளைக் குறிக்க வேண்டும். "அன்று இரவு நீங்கள் அந்த வீட்டில் இல்லை, போனும் உங்களிடம்தான் இருந்தது, இல்லையா?" இதில் இரண்டு தகவல், ஓர் எதிர்மறை, ஒரு வால். 'ஆமாம்' என்றால் எதற்கு ஆமாம்? பிரித்துக் கேட்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு: "அன்று இரவு எங்கே இருந்தீர்கள்?" பதில் வந்தபின், "போன் யாரிடம் இருந்தது?" குறுக்கு விசாரணையின் கூர்மை இதனால் துளியும் மழுங்காது. கேள்வி தெளிவாகிறது, அவ்வளவுதான்.

தேதிக்குப் பதில் கொக்கி கேட்கப் பழக்குவார்கள். "அப்போது மழைக்காலமா? அந்த வீட்டில் உங்களுக்கு முன்பே யாராவது இருந்தார்களா? கை முறிந்ததற்கு முன்பா, பின்பா?" நிகழ்வை நிகழ்வோடு கட்டி வரிசையை எடுத்துவிட்டு, தேதியை மருத்துவச் சீட்டிலும் பயணச்சீட்டிலும் போன் பதிவிலும் தேடிக்கொள்ளலாம். "ஏன் ஓடவில்லை?" என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, "வெளியே போக நினைத்தால் என்ன நடக்கும் என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள்?" என்று கேட்பது. முதல் கேள்வி சாட்சியைக் குற்றவாளியாக்கும். இரண்டாவது, சட்டம் கேட்கும் 'வழிமுறை'க்கே சாட்சியம் தரும்.

அந்தப் பதில் சில சமயம் மூடநம்பிக்கையாகவும் இருக்கும். நைஜீரியாவின் ஈடோ மாநிலத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்தப்பட்ட பெண்கள் பலர், ஜூஜூ என்ற மாந்திரீகச் சடங்கில் செய்த சத்தியத்தால் கட்டுண்டிருந்தார்கள். கடத்தியவர்கள் சுமத்திய கடன் தீருமுன் ஓடினாலோ, ஆளைக் காட்டிக்கொடுத்தாலோ சாவு வரும் என்று நம்பினார்கள். 2018 மார்ச்சில் அந்த மாநிலத்தின் பாரம்பரிய பெனின் மன்னர் இரண்டாம் எவ்வாரே அந்தச் சத்தியங்கள் எல்லாம் செல்லாது என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டியிருந்தது. மூடநம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கும் விருப்பம் அதிகம்தான். ஆனால் நீதிபதி அங்கே சிரித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சங்கிலியை விட்டுவிடுகிறார். அமிக்டலாவுக்குப் பூட்டு நிஜமா, மந்திரமா என்ற பேதம் கிடையாது.

எங்கே தவறுகிறது? ஒருநாள் கூட்டம், ஒரு சான்றிதழ், மதியச் சாப்பாடு என்று முடிவது முதல் தவறு. இரண்டாவது இன்னும் ஆபத்தானது: அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தடுமாறினாலே உண்மை என்று தலைகீழாகப் புரிந்துகொள்வது. உறைந்துபோவது நிரூபணமாகாது. பொய் சொல்பவரும் தடுமாறலாம், தப்பிவந்தவர் சிரித்துக்கொண்டே பேசவும் செய்யலாம். தடுமாற்றத்தை இரு பக்கத் தட்டிலிருந்தும் இறக்கிவிடச் சொல்வது மட்டும்தான் பயிற்சி. மூன்றாவது, நீதிபதி ஆற்றுப்படுத்துநராக மாறிவிடுவது. "நீ சொல்வதை நம்புகிறேன் அம்மா" என்று மேடையிலிருந்து சொன்னால் மேல்முறையீட்டில் வழக்கே உடையலாம். "அவசரம் வேண்டாம், புரியவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி கேட்கச் சொல்கிறேன்" என்பது போதும். இதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சிக்கும் சொல்ல வேண்டும்.

மூளை ஸ்கேன் ஆய்வுக்குக் கோடிகள் கிடைக்கின்றன. பயிற்சி பெற்ற நீதிபதியின் கேள்விகள் ஆறு மாதம் கழித்து உண்மையிலேயே மாறினவா என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்குப் பணம் கேட்டால் கை விரிக்கிறார்கள். அதற்குக் காந்தக் கருவி தேவையில்லை; சாட்சியப் பதிவும் சிவப்புப் பேனாவும் போதும்.

மற்றவை சில்லறை ஏற்பாடுகள், செலவும் சொற்பம். சாட்சி முந்தின நாளே காலி நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். நடுவே திரை, அல்லது காணொலி இணைப்பு. நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை; அது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. மொழிபெயர்ப்பாளர் கடத்தியவர்களின் ஊர்க்காரரோ உறவோ இல்லை என்று உறுதி செய்வது. பார்வை வெறித்து, குரல் தேய்ந்து, ஒரே சொல்லில் பதில் வர ஆரம்பித்தால் கேள்வியை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, "இப்போது எங்கே இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை" என்று நிகழ்காலத்துக்கு இழுப்பது. அன்றைய நாளைக் கொடூரமான கேள்வியோடு முடிக்காமல், சாதாரணமாக இரண்டு கேள்வி கேட்டு இறக்குவது. பிறகு சாட்சி பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, வண்டி கிளம்பிவிட்டது என்று ஊழியர் வந்து சொல்லும்வரை, எதிர்த்தரப்பில் யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது.