ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் வலி

வெறுங்காலில் ஓடுபவர்கள் வலியோடு வந்தால், "எங்கே வலிக்குதுன்னு காட்டுங்க" என்பேன். பிசியோதெரபிஸ்டாக எனக்கு அதுவே பாதிப் பரிசோதனை. உள்ளங்கையால் கெண்டைக்கால் முழுவதையும் தடவிக் காட்டினால், பெரும்பாலும் தசை பழகும் வலி. ஒற்றை விரலால் புறங்காலில் ஒரு புள்ளியைத் தொட்டால்தான் எனக்குக் கவலை.

அப்படித் தொட்டுக் காட்டிய ஒருவர், ஷூவை விட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டாம் விரலுக்கு நேர் மேலே லேசாக அழுத்தினேன்; காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதால் ஓட்டத்தை நிறுத்தவில்லையாம். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது.

ஷூ போட்டவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுவார்கள். வெறுங்காலில் அப்படி ஊன்றினால் சுள்ளென்று வலிக்கும் என்பதால், பலருக்குக் கால் தானாகவே முன்பாதத்துக்கு மாறிவிடும். அப்போது சுமை கெண்டைத் தசைக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் பாதத்தின் நீள எலும்புகளுக்கும் போகிறது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். சிக்கலே இங்கேதான்: கெண்டை வலி போனதும், 'சரி, பழகிவிட்டது' என்று தூரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். எலும்பு இன்னும் தயாராகியிருக்காது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் மாரத்தான் வென்ற அபெபே பிகிலாவைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். நாம் ஷூவில் வளர்ந்தவர்கள்.

முதலில் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து நிமிடம் ஓடுங்கள். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும், மற்ற ஓட்டமெல்லாம் பழைய ஷூவிலேயே இருக்கட்டும். அடியைச் சின்னதாக, சத்தமில்லாமல் வையுங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது கெண்டைக்கும் குதிநாணுக்கும் நல்ல பயிற்சி. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால், எழும் முன் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள், பத்துத் தடவை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் ஓடவே வேண்டாம். காயம் பட்டதே தெரியாது.

ஒற்றைப் புள்ளியில் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

அந்த நண்பர் எட்டு வாரம் ஓடவில்லை. திரும்பி வந்த அன்று அதே இடத்தை அழுத்தினேன். காலை இழுக்கவில்லை. ஷூவோடு ஐந்து நிமிடம் ஓடச் சொன்னேன்.