எரியும் குன்றும் தீக்கோயிலும்: பாகு செல்வோருக்கு எரிவாயுப் பாதுகாப்புக் குறிப்புகள்

அஜர்பைஜானின் தலைநகரான பாகுவுக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரு நாளை அப்ஷெரோன் தீபகற்பத்துக்கு ஒதுக்குகின்றனர். சுராகானியில் உள்ள ஆதேஷ்கா என்னும் தீக்கோயிலும், நகரின் வடக்கே உள்ள யானார் டாக் என்னும் எரியும் குன்றும் அந்தப் பயணத்தின் முக்கிய இடங்கள். சில வழிகாட்டிகள் கோபுஸ்தான் பகுதியின் சேற்று எரிமலைகளையும், அதாவது நிலத்தடி வாயு சேற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியிட்டு வெளியேறும் மேடுகளையும், சேர்த்துக்கொள்வதுண்டு. எரிவாயுப் பாதுகாப்பு என் தொழில் என்பதால், அங்கே புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் தீக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்று என்னிடம் கேட்பது வழக்கம். தேவையான கேள்விதான். ஆனால் எரிகின்ற வாயு கண்ணுக்குத் தெரிகிறது, தன் வெப்பத்தாலேயே நம்மைத் தள்ளி நிறுத்துகிறது. எரியாமல் வெளியேறும் வாயுவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கவலை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

காஸ்பியன் கடலின் தெற்குப் படுகையில் மிகத் தடிமனாகப் படிந்த வண்டல் அடுக்குகளுக்குள் எண்ணெயும் வாயுவும் உருவாகி, அழுத்தத்தின் கீழ் அடைபட்டுக் கிடக்கின்றன. பாறைப் பிளவுகளும் நுண்துளைகள் நிறைந்த மணற்கல் அடுக்கும் வழிவிடும் இடங்களில் அந்த வாயு மேற்பரப்பை அடைகிறது. யானார் டாக்கில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்துக்குக் குன்றின் அடிவாரத்தில் எரியும் தீ இப்படிக் கசியும் வாயுவே. 1950களில் மேய்ப்பர் ஒருவரால் அது பற்றிக்கொண்டதாக அங்குள்ளோர் சொல்கின்றனர். தொழில்முறையில் பார்த்தால், அது மூடப்படாத, தீப்பற்றிய ஒரு வாயுக் கசிவு. அதற்குரிய எச்சரிக்கையோடுதான் அதை நெருங்க வேண்டும்.

ஆதேஷ்கா இதே கசிவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஐங்கோண முற்றமும், சுற்றிலும் துறவிகள் தங்கிய சிற்றறைகளும், நடுவே நாற்புறமும் திறந்த தீமேடையும் கொண்ட இன்றைய கட்டடம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. வணிகத்துக்காக வந்த இந்தியர்களின் பங்கு அதில் பெரிது. கணேசருக்கும் ஜ்வாலா தேவிக்கும் வணக்கம் சொல்லும் தேவநாகரிக் கல்வெட்டுகளையும், பஞ்சாபி மொழிக்குரிய குர்முகி எழுத்தில் அமைந்தவற்றையும் அங்கே காணலாம். இமாசலப் பிரதேசத்தின் ஜ்வாலாமுகி கோயிலில் பாறை இடுக்கில் எரியும் சுடரை வணங்கிப் பழகியவர்களுக்கு, காஸ்பியன் கரையில் அதே போன்ற நெருப்பைக் கண்டபோது என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கையில் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் தொடர்ந்து எடுக்கப்பட்டதால் நிலத்தடி அழுத்தம் குறைந்து, 1969இல் இயற்கைச் சுடர் அணைந்துபோனது. இன்று மேடையில் எரிவது குழாய் வழியே வரும் வாயு. இதை வழிகாட்டிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், இயற்கையான வாயு ஓட்டம் கூடலாம், குறையலாம், நின்றும் போகலாம். நேற்று சுடர் இல்லாத இடுக்கில் இன்று வாயு வரலாம்.

அந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். தூய மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் வீட்டுச் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் வாடை, எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் ஒரு பொருளின் வாடை. நிலத்திலிருந்து நேரடியாக வரும் வாயுவில் அதை எதிர்பார்க்க முடியாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். மீத்தேன் இலேசானது என்பதால் மேலெழுந்து கலைந்துவிடும். எனவே திறந்த வெளியில் அது பெரும்பாலும் தீங்கின்றிப் போய்விடுகிறது. ஆயினும் காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். குமிழியிடும் சேற்றுக் குழியின் விளிம்பில் அத்தகைய கலவை எப்போதும் இருக்கக்கூடும். அங்கே லைட்டரைக் கொளுத்திக் குமிழியைப் பற்றவைத்துக் காட்டும் வேடிக்கையை வழிகாட்டியே செய்தாலும், தயவுசெய்து குனிந்து நின்று பார்க்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சேற்று எரிமலை எப்போதும் சாதுவாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பாகுவை அடுத்த லோக்பாதான் பலமுறை நெருப்போடு வெடித்திருக்கிறது. புகைபிடிப்பவர்கள் அந்தப் பழக்கத்தைப் பேருந்துக்குத் திரும்பும்வரை ஒத்திப்போட வேண்டும்.

யானார் டாக்கில் முதலில் கவனிக்க வேண்டியது காற்று. பாகுவில் வடக்கிலிருந்து வீசும் கஸ்ரியும் தெற்கிலிருந்து வீசும் கிலாவாரும் பெயர் பெற்றவை. திடீரென வீசும் ஒரு வீச்சு சுடரைப் பக்கவாட்டில் வளைத்துவிடும். ஆகவே காற்று வரும் திசையில் நில்லுங்கள். சுடர் உங்களை விட்டு விலகிச் சாயும். நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பறக்கும் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், முடிந்தால் பருத்தியே உடுத்த வேண்டும். வெயில் நேரத்தில் கற்களுக்கிடையே எரியும் சிறு சுடர்கள் கண்ணில் படுவது கடினம். தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்க முயல்வோர் பெரிய தீயை மட்டும் பார்த்துக்கொண்டு, காலருகே இருப்பதைக் கவனிக்காமல் விடுகின்றனர்.

யாருக்காவது தீக்காயம் பட்டால், மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட்டு, சாதாரணக் குளிர்ந்த நீரைக் காயத்தின் மீது 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய் எதையும் தடவக் கூடாது, பனிக்கட்டியும் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அப்படியே விட்டு, தூய துணியால் தளர்வாக மூடி, 103 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். குன்றின் அருகே குழாய் நீர் கைக்கு எட்டும் என்று நம்ப முடியாது. ஆகவே வண்டி ஏறும்போதே ஆளுக்கு இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.