அந்நியனா, அயலானா?

எங்கே போனாலும் ஒட்டாமல் வாழ்கிறவரை ‘அந்நியன்’ என்கிறோம். ‘அன்னியன்’ என்றும் எழுதுவார்கள். இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் எது? வேர் வடமொழியின் ‘அன்ய’. ‘பிற, வேறு’ என்று பொருள். ஒருவர் யார் அல்லர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிற சொல் இது. வாழ்நாள் முழுக்க இந்தப் பெயரைச் சுமந்தவர் ‘அப்படியானால் நான் யார்?’ என்று கேட்டால், அதனிடம் பதில் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இதையே இரட்டித்தால் அன்னியோன்னியம்! ‘ஒருவருக்கொருவர்’ என்ற பொருளில் பிறந்து, தமிழில் நெருக்கத்துக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. பிறன், வேற்றாள், வெளியாள் எல்லாம் கேட்டவுடன் விளங்குபவை. ‘நொதுமலர்’ இன்னும் நுட்பமானது: நண்பரும் அல்லர், பகைவரும் அல்லர். அகப்பாடல்களில் தலைவியைப் பெண்கேட்டு வரும் பிறருக்கு இந்தப் பெயர் உண்டு. ஆனால் இன்று எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும்.

‘ஏதிலார்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்’ என்கிறது 190ஆம் குறள். தொடர்பில்லாதவரின் குற்றத்தைப் பார்க்கும் கண்ணாலேயே தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கு ஏது என்பது கேள்வி. கூட்டத்தோடு கலந்தே வாழ்ந்தவருக்கு அது முயன்று பழக வேண்டிய பார்வை. ஓரத்திலேயே நின்று வளர்ந்தவருக்கோ அன்றாடம். சில சமயம் அளவுக்கு மிஞ்சியும் போய்விடுகிறது. தன் சிரிப்பைத் தானே தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

என் தேர்வு ‘அயலான்’, மரியாதைக்கு ‘அயலார்’. அயல் என்றால் பக்கத்து இடம். அயல்வீடு அடுத்த வீடு; அயல்நாடு வேறு நாடு. அருகில் இருப்பதும் வேறாக இருப்பதும் இந்த ஒரு சொல்லில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. அந்நியனுக்கு இல்லாத ஒன்று அயலானுக்கு இருக்கிறது: நிற்க ஓர் இடம். மார்க்சியக் கட்டுரைகளில், உழைப்பவருக்குத் தன் உழைப்பே வேறாகிப்போவதைச் சொல்லும் ‘அந்நியமாதல்’ வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டாம். ஒட்டாத அந்த உணர்வைச் சொல்ல மட்டும் ‘அயன்மை’ என்று எழுதலாம். நல் + மை நன்மை ஆவதுபோல, அயல் + மை அயன்மை.

அயலானின் காது மற்றப் பெயர்ச்சொற்களைவிட ‘நாம்’, ‘நாங்கள்’ போன்ற பிரதிப்பெயர்களில்தான் கூர்மையாக இருக்கும். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’ என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. நான்கு பேர் எழுந்து ‘நாங்கள் கிளம்புகிறோம்’ என்றால், ஐந்தாமவர் நாற்காலியை நகர்த்துவதில்லை. இலக்கணத்தில் நாம், நாங்கள், நான் மூன்றுமே ‘தன்மை’. ஒருவருடைய இயல்புக்கும் ‘தன்மை’ என்றுதான் பெயர். அவர்கள் போன பிறகு ஐந்தாமவருக்கு மிஞ்சுவது தன்மை ஒருமை. அதில் அவரைச் சேர்க்கவும் விலக்கவும் வேறு ஆள் இல்லை.