கேஸிங்கில் கை வைத்துப் பார்த்தது போதும்

இந்த வருடத்தில் இது மூன்றாவது. கம்ப்ரஸரில் வைப்ரேஷன் அலாரம் வந்திருக்கிறது. ஷிஃப்டில் இருந்தவர் போய் கேஸிங்கில், அதாவது மெஷினின் வெளிக்கூட்டில், கை வைத்துப் பார்த்திருக்கிறார். "மெஷின் கல்லு மாதிரி நிக்குது சார், சென்சார்தான் பொய் சொல்லுது." அதிர்வு கூடினால் மெஷினைத் தானாக நிறுத்தும் ட்ரிப்பை பைபாஸ் செய்தாயிற்று. நான் போய்ப் பேரிங்கைத் திறந்தபோது, அதன் உள்பக்கத்து மென்மையான உலோகப் பூச்சான பேபிட் வழித்தெடுத்தது போல் இருந்தது.

ஸ்லீவ் பேரிங்கில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. பொய் சொல்வதாகச் சொன்ன அந்த சென்சார், அதாவது எடி கரண்ட் ப்ரோப், பேரிங்கின் உறையான ஹவுசிங்கில் இருந்துகொண்டு ஷாஃப்ட் தன்னை நெருங்குவதையும் விலகுவதையும் அளக்கிறது. உங்கள் கை உணர்வது ஹவுசிங்கின் அதிர்வை மட்டும்தான். கேஸிங் கனமாகவும் உள்ளே சுற்றும் ரோட்டர் லேசாகவும் இருந்தால் ஷாஃப்ட் உள்ளே துள்ளினாலும் வெளியே சொற்பம்தான் தெரியும். கேஸிங் மேல் காந்தத்தால் ஒட்டும் அதிர்வுமானியான ஆக்ஸலரோமீட்டருக்கும் இதே கதிதான். அதைக் காட்டி என்னிடம் வாதாடியவர்களும் உண்டு.

சரி, ப்ரோப் பொய்யே சொல்லாதா? சொல்லும். பார்க்கும் இடத்தில் ஷாஃப்டில் கீறலோ காந்தத்தன்மையோ இருந்தால் இல்லாத அதிர்வைக் காட்டும். ஆனால் அது மெதுவாகச் சுற்றும்போதே தெரிந்துவிடும். அப்புறம், ஒரு பேரிங்குக்கு 90 டிகிரி இடைவெளியில் இரண்டு ப்ரோப் எதற்கு வைத்திருக்கிறோம்? இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள்.

யாரும் கண்டுகொள்ளாத எண் கேப் வோல்டேஜ். ப்ரோப்புக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று சொல்லும் வோல்டேஜ் அது. வழக்கமான 8 மி.மீ. ப்ரோப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 7.87 வோல்ட். மேலிருந்து பார்க்கும் ப்ரோப் நேற்று மைனஸ் 10 வோல்ட், இன்று அதே லோடில் மைனஸ் 12 வோல்ட் என்றால் ஷாஃப்ட் கால் மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. 150 மி.மீ. ஷாஃப்டுக்குப் பேரிங் கிளியரன்ஸே, அதாவது பேரிங்குக்குள் ஷாஃப்டுக்கு இருக்கும் மொத்த இடைவெளியே, ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்த கம்ப்ரஸரில் இந்த எண் நான்கு நாளாக நகர்ந்துகொண்டிருந்தது. லாக் ஷீட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

கேபிள் நீளமாகத் தொங்குகிறது என்று வெட்டாதீர்கள். 5 மீட்டர் சிஸ்டம் என்றால் ப்ரோப்பும் கேபிளும் சேர்த்து 5 மீட்டர். வெட்டினால் அளவு தப்பும். ப்ரோப் பார்க்கும் இடத்தில் எமரி ஷீட் போட்டுத் தேய்க்காதீர்கள். குரோம் பூசவும் வேண்டாம்.

பைபாஸ் சாவியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு ப்ரோப்பின் கேப் வோல்டேஜையும் குறித்துக்கொண்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் எடுப்பேன்.