மரம் இழுக்கப் பழைய டிராக்டரா? பின்பக்கத்திலிருந்து பாருங்கள்

சவுக்கு வெட்டு ஆரம்பித்தாலே பட்டறைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, கொஞ்சம் உழவு, கொஞ்சம் மரம் இழுக்கணும், பழைய வண்டி ஒண்ணு சொல்லுங்க." கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு வண்டியைப் பார்த்து, ஸ்டார்ட் போட்டு, சத்தம் கேட்டு, மனதுக்குள் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சத்தம் நன்றாக இருக்கிறதாம். இருக்கட்டும். மரம் இழுக்கிற வண்டியில் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பேன். பிஸ்டன், லைனர் மாற்றித் தேற்ற ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. பின்பக்கம், அதாவது கியர்பாக்ஸ், ஆக்சில், லிஃப்ட் போன வண்டி, பிரேக் பிடிக்காத வண்டி, பேப்பர் சரியில்லாத வண்டி, இவைதான் ஆளைச் சாய்க்கும்.

லேசான வேலைக்கு 35 முதல் 40 ஹெச்பி தாராளம். இழுவைக்கு ஹெச்பி மட்டும் போதாது, வண்டியின் எடையும் டயர் பிடிப்பும் வேண்டும். மாஸி 1035, ஸ்வராஜ் 735 போன்றவை பழசானாலும் சாமான் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். ஹெச்எம்டி நல்ல இரும்புதான், ஆனால் அந்த டிராக்டர் ஆலையை மூடுவதென்று 2016-லேயே முடிவாகிவிட்டது. மலிவாக வருகிறதென்று பிடிக்கும் முன் உங்கள் பக்கம் சாமான் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

மாடலைவிட முக்கியம், வண்டி இதுவரை எங்கே உழைத்தது என்பது. டெல்டாவில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவிலேயே கிடந்த வண்டி என்றால் பின் ஆக்சிலுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம், டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். செங்கல் சூளையிலும் கரும்பு லோடிலும் ஓடிய வண்டிக்குப் பெயின்ட் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் கியர்பாக்ஸ் களைத்திருக்கும். ஹவர் மீட்டரை நம்பாதீர்கள், கேபிள் அறுந்தே பல வருடம் ஆகியிருக்கலாம். கிளட்ச், பிரேக் பெடல் தேய்ந்திருக்கும் அளவு பொய் சொல்லாது.

சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போங்கள். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் உங்களுக்காகத் தயார் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடேறின பிறகும் நீலப் புகை நிற்கவில்லையென்றால் ஆயில் எரிகிறது, அந்தச் செலவை விலையில் குறையுங்கள். அப்புறம் கலப்பையை மாட்டி லிஃப்டைத் தூக்கி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போதே கலப்பை மேலும் கீழும் ஆடினாலோ, அணைத்ததும் சரசரவென்று இறங்கினாலோ உள்ளே எங்கோ கசிகிறது. லோடோடு ஒரு இறக்கத்தில் ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள், கியர் துள்ளி நியூட்ரலுக்கு வருகிற வண்டி மர லோடுக்கு வேண்டவே வேண்டாம். கிளட்ச் நழுவினால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பிரேக்குக்கு வெறும் மைதானம் போதும். இடது, வலது பெடலைத் தனித்தனியாக மிதித்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்து மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பின்னால் டிரெய்லர் தள்ளும்போது என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் ஈரம் தெரிந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது, டிரை பிரேக் (ஆயிலில் மூழ்காத பிரேக்) வண்டியில் அந்த ஆயில் நேராக லைனிங்கில்தான் போய் நிற்கும். கழுவித் துடைத்து வைத்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி குனிந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

அடுத்து ஹூக். வெட்டின மரத்தைச் சங்கிலி போட்டு இழுக்கும்போது ஆக்சிலுக்குக் கீழே இருக்கிற ட்ராபார் என்ற இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் பிராக்கெட்டில் (கலப்பையின் மேல் கம்பியை மாட்டும் இடம்) கட்டி, கட்டை ஒரு வேரில் மாட்டிக்கொண்டால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னோக்கிக் கவிழ ஒன்றரை நொடிகூட ஆகாது. டிரைவர் கிளட்சை மிதிப்பதற்குள் முடிந்துவிடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும், கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் பாதுகாப்பு வளைவும் கிடையாது. அதனால் ட்ராபார் வளைந்திருக்கிறதா, வெல்டிங் ஒட்டுப் போட்டிருக்கிறதா, ஹூக் பின் (இரும்பு ஊசி) நுழையும் ஓட்டை நீண்டு போயிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். டாப் லிங்க் பிராக்கெட்டில் சங்கிலித் தழும்பு தெரிந்தால் அந்த வண்டியை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

பேப்பர் விஷயத்தில் புரோக்கர் பேச்சு வேண்டாம். ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பரை வண்டியில் துடைத்து ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும், பெயர் மாற்ற 29, 30. டிரெய்லருக்குத் தனி ஆர்சி உண்டு, பலர் அதைக் கேட்பதே இல்லை. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விவசாய வண்டியாகப் பதிவானதில் அடுத்தவர் மரத்தை வாடகைக்கு ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கிளப்புவது, விவசாய வண்டியை வாடகைக்கு ஏன் ஓட்டினீர்கள் என்ற கேள்வியைத்தான். லோடு ஏற்றிய ஆட்களை மட்கார்டில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள், ஆர்சியில் சீட் ஒன்றுதான். கீழே விழுந்தவருக்கு நஷ்டஈடு என்று வரும்போது பணம் உங்கள் பையிலிருந்து போக வேண்டியிருக்கும்.