"நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு"

அக்கா டொரொண்டோவில், நான் சென்னையில். ஞாயிறு காலை இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு நான் வெங்காயம் நறுக்குவேன், அங்கே அவள் சனிக்கிழமை இரவுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருப்பாள். பேச்சு இருக்கிறதோ இல்லையோ, லைன் திறந்தே இருக்கும். ஆனால் அடிக்கடி இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்று நின்றுவிடுவோம்.

காரணம் தாமதம்தான். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்குவதற்குள் இருக்கும் இடைவெளி, 2009-இல் 10 மொழிகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வின்படி, சராசரியாக 200 மில்லி நொடி அளவுதான், அதாவது எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நம் மூளை பதிலைத் தயார் செய்துவிடுகிறது. சரி, சென்னைக்கும் டொரொண்டோவுக்கும் சுமார் 13,000 கிலோமீட்டர். நம் குரலைச் சுமக்கும் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேராகக் கேபிள் இழுத்தாலே 65 மில்லி நொடி போய்விடும், உண்மையில் கேபிள் சுற்றித்தான் போகிறது. அதோடு குரலைத் துண்டு துண்டாக வெட்டிச் சுருக்கும் நேரம், தாறுமாறாக வந்துசேரும் துண்டுகளை வரிசைப்படுத்தக் காத்திருக்கும் நேரம், அப்புறம் இரண்டு பக்கமும் ப்ளூடூத். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு உறுத்தாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைத் தாண்டும்போது, அக்கா ஏதோ யோசிக்கிறாள், ஒருவேளை கோபமோ என்று எனக்குத் தோன்றும் அந்த மௌனத்தில், அவள் பதில் ஏற்கெனவே கிளம்பிக் கடலுக்கடியில் வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, குரல் கேட்கும் இடம். சாதாரண அழைப்பில் அது தலைக்குள் நடுவிலிருந்து வருவதுபோல் இருக்கும், ஏனென்றால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகிறது. நேரில் அப்படி இல்லை. வலப்பக்கம் இருப்பவர் குரல் இடது காதை எட்ட அதிகபட்சம் 0.7 மில்லி நொடி போலக் கூடுதலாகும், வழியில் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கும், காதுமடலின் மடிப்புகளும் அதன் தன்மையை மாற்றும். இந்த மாற்றங்களைக் கணக்குப் போட்டு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி ஒலி கொடுத்தால், குரல் தலையை விட்டு வெளியே வந்துவிடும். சில இயர்பட்ஸில் தலையசைவை உணரும் சென்சாரும் உண்டு. நாம் அடுப்புப் பக்கம் திரும்பினாலும், மேசைக்கு எதிரே கேட்ட குரல் அங்கேயே நிற்கும். ஆப்பிள் 2021-இல் ஃபேஸ்டைம் குழு அழைப்பில், திரையில் யார் எங்கே தெரிகிறாரோ அந்தத் திசையிலிருந்தே அவர் குரல் கேட்கும்படி செய்தது. நாலு பேர் சேர்ந்து பேசினாலும் யார் குரல் எது என்று காது பிரித்துக்கொள்ள இது உண்மையிலேயே உதவுகிறது. கடையில் பேஸ் எவ்வளவு அதிரும் என்றுதான் சொல்லி விற்கிறார்கள், எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கேபிளின் நீளத்தை நம்மால் குறைக்க முடியாது. ப்ளூடூத்தை விடலாம். போன வாரம் இருவரும் பழைய வயர் இயர்போனை மாட்டிக்கொண்டு பேசினோம், "நீ சொல்லு" கணிசமாகக் குறைந்தது.