ஹமர்த்தியாவுக்குத் தமிழில் பிழை என்று பெயர்

போன மாதம் ஒரு நாடகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் கொடுத்த துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி: ‘ஆணவம் என்னும் துன்பியல் குறைபாட்டால் வீழ்ந்த மன்னன் ஈடிபஸின் கதை.’ நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கடைசிவரை அந்தக் குறைபாடு தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. வைட்டமின் குறைபாடு தெரியும், இரும்புச்சத்துக் குறைபாடு தெரியும். துன்பியல் குறைபாடு என்றால் என்ன, துன்பம் போதாமல் வரும் நோயா?

இந்தத் துன்பியல் குறைபாட்டுக்கு மூலச்சொல் கிரேக்க மொழியின் ஹமர்த்தியா. அதன் வினைச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்று பொருள். ஹோமரின் போர்க்காவியமான இலியட்டின் எட்டாம் பாடலில் டியூசர் என்ற வில்லாளி ஹெக்டரைக் குறிவைத்து அம்பு விடுகிறான். அது ஹெக்டர்மேல் படாமல், பிரியம் மன்னனின் இன்னொரு மகன் கோர்கிதியோனின் மார்பில் தைக்கிறது. காயும் மழைநீரும் கனத்துச் சாய்ந்த கசகசாப் பூப்போல அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்கிறான் ஹோமர். அம்பு தவறியதற்கு அங்கே வருவது இந்த வினைதான், ஒரு முன்னொட்டோடு. டியூசருக்கு ஆணவம் என்றோ குணத்தில் ஓட்டை என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவனைக் குறிவைத்தான், இன்னொருவன்மேல் பட்டது.

அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைக் கவிதையியல் என்ற தம் நூலின் 13ஆம் பகுதியில் எடுக்கிறார். துன்பியல் நாடகத்தில் விழவேண்டியவன் அறத்தில் சிகரமும் அல்ல, கயவனும் அல்ல. பேரும் செல்வமும் உள்ளவன். அவன் விழுவது தீக்குணத்தால் அல்ல, ஏதோ ஒரு ஹமர்த்தியாவால். எடுத்துக்காட்டுக்கு முதல் பெயரே ஈடிபஸ். தீக்குணத்தை ஒரு தட்டிலும் ஹமர்த்தியாவை மறு தட்டிலும் அவரே வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் இதைக் ‘குணக்கேடு’ என்று பெயர்த்தால், ‘குணக்கேட்டால் அல்ல, குணக்கேட்டால் விழுகிறான்’ என்று அந்த மனிதர் உளறியதாக ஆகிறது. உளறியது அவர் அல்ல.

அறவியல் நூலிலும் ஒருவன் பிறருக்குச் செய்யும் தீங்கை மூன்றாகப் பிரிக்கிறார். எதிர்பாராமல் நேர்ந்த தீங்கு ஒன்று. எதிர்பார்த்திருக்கலாம், ஆனால் கெட்ட எண்ணமின்றிச் செய்தது இன்னொன்று. தெரிந்தே செய்தது மூன்றாவது. நடுவில் இருப்பதுதான் ஹமர்த்தியாவின் உடன்பிறப்பு.

பின் ‘குறைபாடு’ எங்கிருந்து வந்தது? ஆங்கில வகுப்பறையிலிருந்து. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குப் பொறாமை என்று ஆளுக்கொரு சீட்டு ஒட்டிப் பழகிய கை, அதே பசையோடு 2,000 ஆண்டு பின்னால் போய் ஈடிபஸுக்கு ஆணவம் என்று ஒட்டிவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர் அந்த ஆங்கில உரைநூலை எடுத்துவைத்துச் சொல்லுக்குச் சொல் போடுகிறார். மூலம் என்ன சொல்கிறது என்று பார்க்கக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு பத்தியைப் பொறுமையாகப் படித்தாலே போதும்.

ஈடிபஸ் கோபக்காரன்தான், மறுக்கவில்லை. முச்சந்தியில் வழிவிடாத கிழவரை அடித்துக் கொன்றவன், குருடரான குறிசொல்லி டைரீசியஸை வாய்க்கு வந்தபடி ஏசியவன். ஆனால் அவன் கதையே திரும்புவது அவனுக்குத் தெரியாமல்போன ஒன்றில். கொரிந்தின் பாலிபஸையும் மெரோப்பியையும் பெற்றவர்கள் என்று நம்பினான். தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்ஃபிக் கோயிலில் குறி கேட்டதும் அவர்களுக்குத் தீங்கு வரக்கூடாதென்று எதிர்த்திசையில் நடந்தான். நடந்த திசையில்தான் உண்மையில் பெற்ற லாயஸும் யொகாஸ்டாவும் இருந்தார்கள்; முச்சந்திக் கிழவர்தான் லாயஸ். டியூசரின் அம்பேதான்.

‘பாவம்’ என்று போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதே சொல்தான், ‘உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற’ என்ற இடத்தில் பாவம் சரிதான். அங்கே கடவுளுக்கு முன்னால் நிற்கிறான் மனிதன். ஈடிபஸ் நாடகத்தை எழுதிய சோஃபக்ளிஸின் மேடைக்கு அதைக் கொண்டுவந்தால் திரை தூக்குமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

இத்தனைக்கும் தமிழில் ஒன்றுக்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. குறி தவறியது, செய்தது தவறு. குறி தப்பியது, செய்தது தப்பு. மூன்றாவது பிழை. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற 772ஆம் குறளில் யானையைப் பிழைத்த வேல் என்றால் யானைமேல் படாமல் போன வேல். கிரேக்கச் சொல் புறப்பட்ட அதே இடம். பிறகு சிலம்பில், பொற்கொல்லன் பேச்சை நம்பிக் கோவலனைக் கொல்லச் செய்த பாண்டியன் உண்மை தெரிந்ததும், ‘என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்’ என்று சொல்லி விழுகிறான். கெட்டவன் அல்லன், பெருவாழ்வு வாழ்ந்தவன், அறியாமல் செய்துவிட்டான். அரிஸ்டாட்டில் கேட்ட ஆளை இளங்கோ அப்படியே நிறுத்தி, வாயில் சரியான சொல்லையும் வைத்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு குறைபாட்டைத் தேடிப் போவானேன்?

பிழைக்கு எதிராகவும் சொல்ல ஒன்று உண்டு. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்று சொல் இன்று மெலிந்து கிடக்கிறது. தேவைப்பட்டால் ‘பெரும்பிழை’ என்று எழுதிக்கொள்ளலாம். அரிஸ்டாட்டிலே அந்தப் பகுதியில் இரண்டாம் முறை ‘பெரிய ஹமர்த்தியா’ என்றுதான் சொல்கிறார். வினையாக வரும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘ஈடிபஸ் பிழைத்தான்’ என்றால் இன்றைய வாசகர் உயிர் தப்பினான் என்றே படிப்பார். பெற்றவர்கள் கணுக்காலைத் துளைத்துக் கித்தேரோன் மலையில் விடச் சொன்ன குழந்தை ஈடிபஸ் அப்படிப் பிழைத்ததும் உண்மைதான். ஆகவே ‘பிழை செய்தான்’ என்றே எழுதுங்கள்.